அப்பா ஏன் கை காட்டவில்லை

தனம், முருகேசு, ராணி, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ராணி இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அவளுக்குத் தனம் வாசித்துக் காட்ட வேண்டும். முருகேசு, நீ நடுவில் எழுந்து ஓடக்கூடாது.

நான் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்கு அரைகுறையாக நினைவிருக்கும். தொற்றுகிற நோய் என்பதால் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். சாயங்காலம் வேலு மாமா உங்களை அழைத்துவந்து ரோட்டோரக் கம்பிவேலிக்கு வெளியே நிறுத்திவைப்பார். என் கட்டில் ஜன்னலோரம். நீங்கள் கை காட்டுவீர்கள், நானும் காட்டுவேன். ஒருநாள் மட்டும் நான் காட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தனம் அதைக் கேட்டாள். "அன்னிக்கு எங்களப் பார்த்தீங்க, ஆனா கை காட்டலையே, ஏம்ப்பா?" என்றாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது ஆலையில் பாய்லரைப் பிரித்துக் கழுவுகிறார்கள், எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அதனால் பதிலை முழுசாக எழுதிவிடுகிறேன்.

பாய்லர் முன்னால் நிற்கிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் சீக்கிரம் தெரியாது. எப்போதும் சூடு, எப்போதும் வியர்வை. சோப்பு ஆலையில் அன்று தலை கனத்தது. கரித்தூசி என்று நினைத்தேன். சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நடந்து வரும்போது பூக்கடை வாசனையே குமட்டியது. வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மருந்துக்கடை மாத்திரையும் விழுங்கினேன். காய்ச்சல் காலையில் கொஞ்சம் குறையும், சாயங்காலம் முந்தின நாளைவிட ஒரு படி கூடும். மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. வயிறு உப்பிக்கொண்டது. பேசினால் உளறுகிறேன் என்று அம்மா சொன்னாள்.

வேலு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறவர். அவர்தான் என்னைத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுபோல் பயந்து நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. பெயர் கூப்பிடும்வரை எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தில் நோய்க்கிருமியைச் சேர்த்துப் பார்ப்பார்களாம். உடம்பு ஏற்கெனவே அந்தக் கிருமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது கட்டிகட்டியாகத் திரண்டு காட்டிக்கொடுத்துவிடுமாம். மறுநாள் சொன்னார்கள், டைபாய்டு. நம்மவர்கள் விஷக்காய்ச்சல் என்பார்கள். அம்மா அதைக் கேட்டதும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளுடைய அண்ணன் ஒருவர் ஊரில் அதில்தான் போயிருந்தார்.

வீட்டுக்கு மருந்தடிக்க ஆள் வந்ததும், கீழ்க்கடைக்காரர் உங்களைக் கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவேண்டாம் என்றதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எங்கள் வார்டில் ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள். கிரேஸ் என்று பெயர். தைப்பிங் என்ற ஊரில் பிறந்து இங்கே படிக்க வந்தவள். உங்கள் சித்தி வயதுதான் இருக்கும். சட்டையில் தலைகீழாக ஒரு சின்னக் கடிகாரத்தைக் குத்தியிருப்பாள். நமக்குத் தலைகீழ், குனிந்து பார்க்கும் அவளுக்கு நேர். நாடி பிடித்தால் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேச்சுக் கொடுத்தாலும் பேசமாட்டாள்.

நோய் என்ன செய்கிறது என்று அவள்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள். குடலுக்குள்ளே புண் வருகிறது. நாள் போகப் போகப் புண்ணின் பொருக்கு உதிர்கிறது. உதிர்ந்த இடம் ஈரக் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். மூன்றாவது வாரம்தான் ஆபத்து. காகிதம் கிழிந்தால் ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். அதனால்தான் கஞ்சித்தண்ணி, பார்லித்தண்ணி, பால். வேறெதுவும் கூடாது. மாத்திரையும் உண்டு. அது கிருமியைக் கொல்லும். ஆனால் புண்ணை அது உடனே மூடிவிடாது என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே தவிர, என் மனசு முழுக்கச் சோற்றில்தான் இருந்தது. பகலில் கண்ணை மூடினாலும் கத்தரிக்காய்க் குழம்பு தெரியும்.

அவளிடம் எனக்கு ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. கட்டில் பக்கம் போகும்போதும் வரும்போதும் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி என் பாதத்தைத் தொடுவாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது, தொட்டுவிட்டுப் போய்விடுவாள். நம் வீடுகளில் காலைத் தொடுவது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்று தொடுவார்கள், இல்லையென்றால் ஆள் செத்துக் கிடக்கும்போது தொடுவார்கள். யாரோ பெற்ற பெண் தினம் பத்துத் தடவை என் காலைத் தொட்டால் எனக்கு எப்படி இருக்கும்? அவள் வருவதைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொள்வேன்.

பக்கத்துக் கட்டில் காதர் பாய்க்கு அது நல்ல வேடிக்கை. அவர் பஃப்ளோ ரோடு பக்கம் ஜவுளி வியாபாரம். நோய் தெளிந்து, வீட்டுக்குப் போகும் நாளைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தவர்.

"ஏண்ணே காலை இழுக்குறீங்க? மிஸ்ஸி என்ன கொலுசா போட்டுவிடப் போவுது?" என்பார்.

மிஸ்ஸி சிரிக்காமல், "போடுவேன், அளவு எடுக்கவே விடமாட்டேங்கிறாரே" என்பாள். காலை மெதுவாக நீட்டிப் போடச் சொல்லித் தொட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

தினமும் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவாள். படுத்தே கிடந்தால் தோல் வெந்து புண்ணாகிவிடுமாம். கூச்சம் தெரியாமல் இருக்க என் வேலையைப் பற்றிக் கேட்பாள். நானும் சொல்வேன். பாய்லரில் அழுத்தம் காட்டும் முள்ளை மட்டும் பார்க்கக் கூடாது, தண்ணி மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கணும், பம்ப்புச் சத்தத்தைக் கேட்கணும், குழாயைக் கையால் தொட்டும் பார்க்கணும். ஒன்று சொல்வதை இன்னொன்று ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் பாய்லர்க்காரன் வேலை என்றேன். "எங்க வேலையும் அதுதான்லா அண்ணே" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வந்தது. ஒருநாள் காலையில் காய்ச்சல் நன்றாக இறங்கியிருந்தது. சுற்றி வந்த சீன டாக்டர் என் தோளைத் தட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்றார். நல்லது என்று மலாயில் சொல்கிறார். காதர் பாய்க்கு என்னைவிடச் சந்தோஷம். மத்தியானம் வேலு மாமா லாரியை ஓரங்கட்டிவிட்டு வேலிக்குப் பக்கத்தில் வந்து விசாரித்தபோது, பாய் வராந்தாவிலிருந்தே கத்திச் சொன்னார், ஜுரம் விட்டுவிட்டது என்று. மாமா அப்படியே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் விட்டாலும் அன்றைக்குப் பத்தியச் சோறு. குழைய வடித்த புழுங்கலரிசிச் சோறு, மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். அதைச் சாப்பிட்டால்தான் நோய் வீட்டைவிட்டுப் போனதாகக் கணக்கு. அம்மா அம்மன் கோயிலில் மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ரசத்தை வைத்து, தூக்குச்சட்டியில் போட்டு, உங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. நெற்றி குளிர்ந்தது, வியர்த்தது. காற்றாடி நன்றாக வீசுகிறது என்று நினைத்தேன். தாகம் மட்டும் அடங்கவில்லை. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. அவ்வளவு நாளும் நோயாளியாக இருந்தவன் அன்றுதான் மனிதனாகிவிட்டேன் என்று நினைத்தேன். பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நோயில் எனக்கு ரொம்ப சுகமாக இருந்த நாளே அதுதான்.

மத்தியான வேலைக்கு வந்ததும் மிஸ்ஸி என் காலைத் தொட்டாள். நாடி பார்த்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து பார்த்தாள். வயிறு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்றைக்கு இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல்.

பார்க்கிற நேரத்துக்கு மணி அடித்தது. அம்மா வராந்தா வழியாக என் கட்டிலண்டை வந்து என் நெற்றியைத் தொட்டாள். "சில்லுன்னு இருக்குங்க" என்று சொன்னவள் அழுதுவிட்டாள். எத்தனையோ நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த நெற்றி. வேறு யாரானாலும் அழுதிருப்பார்கள். மிஸ்ஸி வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ வாந்தி பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தட்டை என் மடியில் வைத்துச் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். அந்த மிளகு வாசனையை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியும். முழங்கையை ஊன்றித் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பிசைந்து, ஒரு கவளம் எடுத்தேன். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் நீங்கள் மூன்று பேரும். ராணி மாமாவின் தோளில். தனம், நீ கையைத் தூக்கி ஆட்டினாய்.

நானும் ஆட்டத்தான் இடது கையைத் தூக்கினேன். அதை யாரோ பிடித்துக்கொண்டார்கள். மிஸ்ஸி.

"அண்ணே, சோத்துக் கைய அப்படியே வைங்க. வாய்க்குக் கொண்டுபோவாதீங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்து, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இதுதான் தனம், நீ கேட்ட கேள்விக்குப் பதில். உன் அப்பாவுக்கு இரண்டு கைதான். ஒன்றில் சோறு இருந்தது, இன்னொன்று மிஸ்ஸியிடம் இருந்தது.

"ஜுரம் விட்டுருச்சே மிஸ்ஸி. காலையில டாக்டரே சொன்னாராமே" என்றாள் அம்மா.

மிஸ்ஸி எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "ஜுரம் விட்டா நாடியும் அடங்கணும்க்கா. இவருக்கு ஓடுது. நூல் மாதிரி மெலிசா, வேகமா ஓடுது. காலும் சில்லுன்னு கிடக்கு."

"இத்தனை நாளாப் பட்டினி கிடக்குற உடம்பு. பசியில ஓடாதா?" அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்கும் அதே கேள்விதான். கவளம் இன்னும் என் விரல்களில் இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடம்பு சொன்னது. தட்டைப் பிடுங்க அவளால் முடியும். பிடுங்கவில்லை. என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அண்ணே, நெருப்பு எரியுது. முள்ளு இறங்கிக்கிட்டே போவுது. பம்ப்பு மட்டும் வேகமா அடிக்குது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, என்னைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று.

கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவள் கை ஓயவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. தலையணையை உருவி என்னைச் சமமாகப் படுக்கவைத்தாள். அதோடு ஜன்னல் என் கண்ணைவிட்டுப் போய்விட்டது. நீங்களும் போய்விட்டீர்கள். மேலே காற்றாடி மட்டும் தெரிந்தது. இன்னொரு நர்ஸை டாக்டருக்குப் போன் பண்ணச் சொன்னாள். ஆளைக் கூப்பிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொன்னாள். இருக்கிற ரத்தம் தலைக்கும் நெஞ்சுக்கும் போகட்டும் என்பதற்காக. மலம் கறுப்பாகப் போயிற்றா என்று என் காதோரம் கேட்டாள். மத்தியானம் தார் மாதிரி போயிருந்தது. படுக்கைச் சட்டியை எடுத்துப்போன ஆளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, யார் போய் அதைச் சொல்வார்கள்? நடுநடுவே ஈரத்துணியை எடுத்து என் வலது கையில் ஒட்டியிருந்த சோற்றை விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.

டாக்டர் வேகமாக வந்தார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். ஏன் கூப்பிட்டாய் என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. எப்போதிலிருந்து, எவ்வளவு, என்ன நிறம் என்று கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லவே அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடலில் ஓட்டை விழவில்லை, ரத்தம்தான் கசிகிறது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்று அவர் சொன்னதை மிஸ்ஸி அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யார் கொடுப்பது? வேலு மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உங்களை யார் பார்த்துக்கொண்டது என்று நினைவிருக்கிறதா? காதர் பாயின் சம்சாரம். பேரீச்சம்பழம் கொடுத்தார்களே, அவர்கள்தான். மாமாவுக்கு ஊசி என்றாலே உதறும். ரத்தம் கொடுத்தால் ஆம்பளைக்குப் பலம் போய்விடும் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வதை அவரும் நம்பினவர். முகம் வெளிறிப்போய் என் கட்டில் பக்கம் நின்றார். "என் ரத்தம் சேருமா பாருங்க" என்று மட்டும் சொன்னார். சோதித்துப் பார்த்தார்கள், சேர்ந்தது.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. தாகம். தண்ணி கேட்டால் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைப்பார்கள், அவ்வளவுதான். கண்ணை மூடினால் திறக்கமாட்டேனோ என்று பயந்து திறந்தே வைத்திருந்தேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். மிஸ்ஸியின் வேலை நேரம் முடிந்து அடுத்த நர்ஸ் வந்தாள், மலாய்ப் பெண். அவளிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை கிரேஸ் மிஸ்ஸி. அவள் விரல்களை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தாள். பிறகு என் பாதத்தில் வைத்தாள். அவள் தலையசைத்த பிறகுதான் போனாள். என்னை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

விடியும்போது மாமாவின் ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாதம் கொஞ்சம் சூடாகியிருக்கிறது என்று மலாய்ப் பெண் சொன்னாள். அப்புறமும் பல நாள் பயம்தான். ஒவ்வொரு முறை வயிறு இரைந்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் மிஸ்ஸியின் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி கஞ்சித்தண்ணியிலிருந்து ஆரம்பித்தோம். மாமா மட்டும் தைரியமாகிவிட்டார். "மச்சான், இப்ப உங்களுக்குள்ள ஓடுறது என் ரத்தம். இனிமே என்னை எதுத்துப் பேசினா நல்லாயிருக்காது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

தெளிந்த பிறகு மிஸ்ஸியிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று.

"தெரியலண்ணே, சந்தேகம்தான் வந்துச்சு" என்றாள். "இந்த ஜுரத்துல நாடி எப்பவும் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். அதனால அது வேகமா ஓடுனா சும்மா இருக்கக் கூடாதுன்னு படிப்புல சொல்லிக்குடுத்துருக்காங்க. ஆனா உங்க கால் எப்பவும் எவ்வளவு சூடா இருக்கும்னு எந்தப் படிப்புல சொல்லுவாங்க? வந்த நாள்லேருந்து தொட்டுக்கிட்டே இருந்தாத்தானே, மாறும்போது தெரியும்."

டாக்டர் என்னைக் காலையில் ஒரு தடவை பார்ப்பார். அப்போது அவர் பார்த்தது சரிதான், அப்போது நான் நன்றாகத்தான் இருந்தேன். மாறியது மத்தியானம். மத்தியானம் முழுக்க நடந்துகொண்டிருந்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவள் வந்தால் நான் காலை நீட்டியே வைத்திருந்தேன். காதர் பாய் அதையும் விடவில்லை. "இப்பக் கொலுசு வேணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

நான் வீடு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும், எல்லாரும் புதுச்சட்டை போட்டிருந்தீர்கள். டாக்டரும் மிஸ்ஸியும் சோறு சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா மறுபடியும் அதே பத்தியச் சோற்றைச் சமைத்தாள். தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டு, வெயிலில் நீங்க வரவேண்டாம், ஆறுவதற்குள் சாப்பிடுங்க என்று சொல்லி, உங்களைக் கூட்டிக்கொண்டு மாவிளக்குப் போடக் கோயிலுக்குப் போனாள். படியில் உங்கள் சத்தம் இறங்கிப் போய் வீடு அமைதியானது.

நான் தரையில் உட்கார்ந்து தட்டைத் திறந்தேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நிறுத்தினேன். இடது கையை மல்லாத்தி, தட்டுக்குப் பக்கத்தில் தரையில் நீட்டி வைத்தேன். நாடி எண்ணி முடிக்கிற நேரம்வரை அசையாமல் காத்திருந்தேன்.

பிறகுதான் சாப்பிட்டேன்.